கவுந்தி மறுத்த பொய்கை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கூடலூரை ஒட்டிய மேற்குத் தொடர்ச்சி மலையில், வண்ணாத்திப்பாறையின் உச்சியில், தமிழகமும் கேரளமும் எல்லை பிரிக்கும் இடத்தில், சிதைந்த கற்றளிகளின் தொகுதி ஒன்று உண்டு. மங்கலதேவி கோட்டம் என்றும் கண்ணகி கோயில் என்றும் அதற்குப் பெயர். ஆண்டு முழுவதும் காட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் அக்கோயிலுக்குச் சித்திரை முழுநிலா நாள் ஒன்றில் மட்டும் மக்கள் ஏறிச் செல்ல இசைவு உண்டு. பளியங்குடியிலிருந்து கால்நடையாக ஏறுவோர் ஒருபுறம். குமுளியிலிருந்து ஜீப்பில் வருவோர் மறுபுறம். ஒருநாளே திறக்கும் வாயில் என்பதால் வரிசையில் நிற்பவர் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு வேண்டுதல் முன்பே எண்ணி முடிக்கப்பட்டிருக்கும். மகளுக்குத் திருமணம், மகனுக்கு வேலை, கிணற்றுக்குத் தண்ணீர், திராட்சைக்கு விலை.

பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி நடந்த வழியைத் தாமும் நடந்து ஆராய்ந்து, இதுவே சிலம்பு கூறும் இடம் என 1960-களில் நிறுவ முற்பட்டார். சேரன் கோயில் எடுத்தது இம்மலையிலா, வஞ்சியிலா, வஞ்சிதான் எது என்னும் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. அவ்வழக்கு இவ்வுரையின் பொருளன்று. இக்கோயிலோடு ஒட்டிய காதைக்கு இளங்கோ இட்ட பெயர் ‘வரந்தரு காதை’ என்பதே இங்கு வேண்டுவது. சிலம்பின் முப்பது காதைகளுள் இறுதிக் காதை அது. கதை முடிந்தது, துன்பப்பட்டவர் எல்லாரும் பட்டுத் தீர்ந்தனர், இனிப் பரிசு வழங்க வேண்டும். யாருக்கு எதை வழங்குவது, அதைத் தேர்பவர் யார், வழங்கும் வேளை எது? கதை சொல்லும் எவரும் இக்கேள்விகளுக்குத் தப்ப இயலாது. வட்டத்தில் கதைப்பாடல் எழுதும் இளங்கவிஞர் பலர் இருப்பதால் இதை விரித்துப் பேசுவது பொருந்தும்.

இக்கேள்வி இன்று முற்றிலும் எதிர்பாராத ஓர் அவையிலும் நாள்தோறும் எழுகின்றது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்றொரு விளையாட்டை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் ஆளுக்கொரு பாத்திரமாகி அப்பாத்திரத்தின் வாயால் பேசி, அதன் மனத்தால் முடிவெடுப்பர். வெற்றி தோல்வியைப் பகடை சொல்லும். நிலவறைகளில் புகுவதும், வாயில் காக்கும் பூதங்களின் புதிர்களுக்கு விடை சொல்வதும், மாதக்கணக்கில் ஒரே கதையைத் தொடர்ந்து நடத்துவதும் அதன் இயல்பு. படிப்புக்கும் பணிக்கும் பெருநகரங்களுக்குச் சென்ற நம் பிள்ளைகளுள் சிலரும் இன்று இதனைக் கணினி வழியே கூடி ஆடுகின்றனர். பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் கூத்தும் கதையும் பகடையும் கலந்த இவ்வடிவத்தைப் பாரதம் படித்த சமூகம் அந்நியமாகக் கருத வேண்டியதில்லை.

அவ்விளையாட்டில் நெடுங்கதை ஒன்றின் இறுதியில் பாத்திரங்களுக்குப் பரிசு வழங்குவர். பொன்னும் வாளும் வழங்கி அலுத்தபின் தனித்த ஆற்றல் ஒன்றை வழங்குவதே உயர்ந்த பரிசு. பறத்தல், உருமாறுதல், நஞ்சு தீண்டாமை, முன்னுணர்தல் போல்வன. 2014-இல் வந்த அதன் நடத்துநர் நூல் இருபதாம் நிலையை எட்டிய பாத்திரங்களுக்கு இத்தகைய வரங்களை நடத்துநர் வழங்கலாம் என்றது. 2024-இல் வந்த திருத்தப் பதிப்பில் பத்தொன்பதாம் நிலையிலேயே ஆடுபவர் தாமே ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்றாயிற்று. வழங்குபவர் தேர்வதா, பெறுபவர் தேர்வதா என்னும் பழைய வழக்கு அங்கும் உயிரோடிருக்கிறது. ‘விரும்பியதெல்லாம் பெறுதல்’ என்றொரு மந்திரமும் அதில் உண்டு. ஆனால் அதனை வரம்பு மீறிப் பயன்படுத்தினால், மறுபடி அதைச் சொல்லவே இயலாமற் போகும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பத்து மூன்று என 2014-இன் விதி கூறும். விரும்பியதெல்லாம் கைகூடினால் கதை நின்றுவிடும் என்பதை அவர்களும் கண்டுகொண்டனர் போலும்.

இளங்கோ அதை முன்பே கண்டவர். காடுகாண் காதையை எடுத்துக்கொள்ளலாம்.

உறையூரிலிருந்து மதுரை நோக்கிக் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நடக்கின்றனர். வழியில் மாங்காட்டு மறையோன் எதிர்ப்படுகிறான். கொடும்பாளூர் நெடுங்குளத்துக் கரையில் வழி சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்று கூறி, ஒவ்வொரு வழியின் இயல்பையும் விளக்குகிறான். இடப்பக்க வழி திருமால்குன்றம் செல்வது. அங்கே ஒரு பிலம், அதாவது நிலவறை. அதனுள் மூன்று பொய்கைகள். புண்ணிய சரவணத்தில் மூழ்கினால் இந்திரன் செய்த ஐந்திர நூலை உணரலாம். பவகாரணியில் மூழ்கினால் பழம்பிறப்பை உணரலாம். இட்டசித்தியில் மூழ்கினால் எண்ணியதெல்லாம் எய்தலாம். உள்ளே செல்வோர் முன் வரோத்தமை என்னும் தெய்வமகள் தோன்றுவாள். இம்மைக்கு இன்பம் எது, மறுமைக்கு இன்பம் எது, இவ்விரண்டுமன்றி என்றும் நிலைப்பது எது என வினவுவாள். விடை சொன்னால் கதவு திறக்கும். சொல்லாவிடினும் அவள் துன்பம் செய்யமாட்டாள். வந்த வழியில் விட்டுவிடுவாள்.

பிரியும் வழிகள், நிலவறை, வாயிலில் புதிர், உள்ளே மூன்று ஆற்றல்கள், அவற்றுள் விரும்பியதைத் தேரும் உரிமை. கைகாக்ஸின் விளையாட்டை ஆடும் இளைஞன் ஒருவனிடம் இப்பகுதியைப் படித்துக் காட்டினால், இதை எழுதியவர் எந்த ஊரில் கதை நடத்துகிறார் என்று கேட்பான்.

ஆனால் இம்மூவரும் பிலத்துக்குள் நுழையவில்லை. கோவலன் வாய் திறக்குமுன் கவுந்தியடிகள் விடை கூறிவிடுகிறார். ஐந்திரம் கூறுவதெல்லாம் அருகன் அருளிய நூலில் விளங்கக் கிடக்கிறது. முற்பிறப்பில் செய்ததன் பயனை இப்பிறப்பிலேயே கண்கூடாகக் காணலாமே. வாய்மையில் வழுவாது உயிர்களைப் பேணுவோர்க்கு எய்தாத பொருள் உண்டோ? ஆதலின் உன் வழியே நீ போ, எங்கள் வழியே நாங்கள் போகிறோம் என்பது அவ்விடையின் சுருக்கம். மூன்று பொய்கைக்கும் மூன்று மறுப்பு. சமணத் துறவியின் திண்மை என்று உரையாளர்களும் சொற்பொழிவாளர்களும் இவ்விடையைப் பாராட்டுவர். பாராட்டத்தக்கதே. எனினும் அப்பாராட்டில் ஒன்று மறைந்துபோகிறது.

பவகாரணியில் மூழ்கியிருந்தால் கோவலன் எதை உணர்ந்திருப்பான்? அதை இளங்கோ பின்னர்க் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வத்தின் வாயால் சொல்கிறார். முற்பிறப்பில் கோவலன் பரதன் என்னும் பெயரோடு சிங்கபுரத்தில் அரசப் பணியில் இருந்தான். வாணிகம் செய்ய வந்த சங்கமன் என்பவனைப் பகைவனின் ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக் கொடுத்துக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அரற்றித் திரிந்து, மலையேறி வீழ்ந்து, தமக்கு இத்துயர் செய்தோர் இத்துயரே அடைக எனச் சபித்தாள். அயலூருக்கு அணிகலன் விற்க வந்தவன் பொய்க் குற்றச்சாட்டால் கொலையுண்டான். மனைவி பதினான்கு நாள் நடந்து மலையில் கணவனோடு சேர்ந்தாள். கோவலனுக்கு மதுரையில் நேரவிருப்பதன் ஒவ்வொரு வரியும் பவகாரணியின் நீருக்குள் எழுதிக் கிடந்தது. மறையோன் சுட்டிய இடப்பக்க வழியில் அது இருந்தது. மூழ்கியிருந்தால் அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு மதுரைக் கடைவீதிக்குப் போயிருப்பானா?

தலைவனைக் காக்கவல்ல ஆற்றல் எதுவோ அதனைச் சரியாக அறிந்து, பெயரிட்டு, வழியும் சொல்லி, அவன் எதிரே வைத்துவிட்டு, அவனைக் கேளாமலே அதனை மறுக்கச் செய்கிறார் இளங்கோ. மறுப்பவர் தீயவர் அல்லர். அவன்பால் பேரன்பு கொண்டவர். மறுக்கும் காரணமும் தவறன்று. அங்கேதான் அவலம் ஆழ்கிறது. கோவலன் இறந்ததைக் கேட்ட கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார் என்று நீர்ப்படைக் காதை ஒரு சொல்லில் சொல்லிப் போகிறது. அந்த நோன்பின் நாள்களில் அவர் நினைவில் எந்தப் பொய்கை இருந்திருக்கும் என்று காப்பியம் பேசவில்லை, பேசாதது நன்று.

பொய்கை மறுக்கப்படுவது சிலம்பில் இது முதல்முறையும் அன்று. புகாரில் தேவந்தி, காவிரி கடலொடு கலக்கும் இடத்துச் சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் பிரிந்த கணவன் திரும்புவான் என்று கண்ணகிக்கு வழி சொல்கிறாள். அது எனக்குப் பெருமை தராது என்று ஒரே சொல்லில் கண்ணகி மறுக்கிறாள். அடுத்த கணமே கோவலன் வாயிலில் வந்து நிற்கிறான். முதல் மறுப்புக்குப் பின் கணவன் வருகிறான். இரண்டாம் மறுப்புக்குப் பின் கணவன் போகிறான். முதலாவதில் மறுத்தவள் அவளே. இரண்டாவதில் அவளுக்காக வேறொருவர் மறுத்தார். இந்த வேறுபாட்டைக் கதை எழுதுவோர் கூர்ந்து நோக்கவேண்டும்.

கோவலனிடம் ஆற்றலே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சிறிது இருந்தது. அதே காட்டில் நீர் பருகச் சென்றவன் முன் வனசாரிணி என்னும் தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலை வடிவில் வந்து அழுது மயக்குகிறது. மறையோன் எச்சரித்தது நினைவுக்கு வர, கோவலன் பாய்கலைப்பாவை மந்திரத்தைச் சொல்கிறான். பொய்வடிவம் கலைகிறது. அத்தெய்வம், இதைக் கண்ணகியிடமும் கவுந்தியிடமும் சொல்லிவிடாதே என்று கெஞ்சிவிட்டு மறைகிறது. (காப்பியத்தில் சிரிப்பதற்கு இடந்தரும் சில இடங்களுள் இது ஒன்று.) பொய்வடிவைக் கண்டறியும் ஆற்றல் காட்டில் பலித்தது. சில நாள்களில் மதுரையில் பொற்கொல்லன் எதிர்வந்தான். அவன் பொய்வடிவில் வரவில்லை. தன் வடிவிலேயே வந்து பொய் சொன்னான். மந்திரத்துக்கு அங்கே வேலை இல்லை. ஓர் ஆற்றலின் எல்லையை இதைவிடச் சிக்கனமாகக் காட்டுவது அரிது.

கொலைக்களக் காதையில் இதன் மறுபக்கம் வருகிறது. காவலர் கோவலனின் தோற்றத்தை நோக்கி, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்கின்றனர். உடனே பொற்கொல்லன் நகைத்து, கள்வர் துணைக்கொள்ளும் எட்டை அடுக்குகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. மந்திரத்தால் மறைவர், மருந்தால் மயக்குவர் என ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் தருகிறான். கோவலனிடம் இல்லாத ஆற்றல்களின் பட்டியல் அது. இல்லாத ஆற்றலைக் காட்டி அவனைக் கொல்விக்கிறான். இருந்த ஒரு மந்திரம் உதவவில்லை. இல்லாத எட்டும் உயிரைக் குடித்தன. ஆற்றல்களைப் பட்டியலிட்டுப் பாத்திரத்தைப் படைப்பதாக எண்ணும் எழுத்தாளர் எவரும் இப்பகுதியை ஒருமுறை நிதானமாகப் படிப்பது நலம்.

மணிமேகலையில் வேறொரு முறை. அங்கே ஆற்றல் தேரப்படுவதில்லை, வழங்கப்படுகிறது. மணிபல்லவத் தீவில் பழம்பிறப்பு உணர்ந்த மணிமேகலைக்கு, வேற்றுருக் கொள்ளவும் வானில் செல்லவும் வல்ல மந்திரங்களை மணிமேகலா தெய்வம் தருகிறது. தந்துவிட்டு எழுந்து போகிறது. போன தெய்வம், சொல்ல விட்டுப்போனது ஒன்று உண்டென்று திரும்பி இறங்கி வந்து, மனித உடல் உணவால் ஆனது, ஆதலின் இதையும் கொள் என்று பசி அறுக்கும் மந்திரத்தைத் தருகிறது. தெய்வங்களுக்குப் பசி நினைவில் இராது; சாத்தனாருக்கு இருந்தது. மறந்து பின் நினைத்துத் தந்த அந்த மூன்றாவதுதான், அரசி இராசமாதேவி அவளை உணவின்றி அறையில் அடைத்தபோது உயிரைக் காத்தது. முதலில் பெருமிதமாகத் தந்த உருமாற்றமோ ஓர் உயிரை வாங்கியது. உதயகுமரனிடமிருந்து தப்ப மணிமேகலை காயசண்டிகையின் வடிவம் கொள்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தன் மனைவி என்றே நம்பி, நெருங்கி வந்த உதயகுமரனை வாளால் வெட்டுகிறான். தப்புவதற்குக் கொண்ட வடிவம் இன்னொருவர் வாழ்வுக்கு உரியது. அவ்வாழ்வின் கணக்கும் அதனோடு கூடவே வந்துவிட்டது.

அதே உருவில் இருந்தபோதுதான் அவள் செய்த ஒரே தேர்வும் நிகழ்கிறது. அமுதசுரபியோடு சிறைக்கோட்டம் புகுந்து பசித்தோர்க்கு உணவிட்டதை அறிந்த மன்னன், அவளை அழைத்து, யான் உனக்குச் செய்யவேண்டுவது யாது என்று கேட்கிறான். சிறைக்கோட்டத்தை அழித்து அறக்கோட்டம் ஆக்குக என்கிறாள். மூன்று மந்திரங்கள் அவளைக் காத்தன. இந்த ஒரு வேண்டுதல் அவளைப் பாத்திரமாக்கியது. வில்லிபுத்தூரார் பாரதத்தில் உயிர் பிரியும் நேரத்துக் கன்னன், கண்ணன் வரம் கேள் என்றபோது, இனியும் பிறவி உண்டாயின் இரப்பவர்க்கு இல்லை என்னாத இதயம் வேண்டும் என்று கேட்பதும் இவ்வழியில் நிற்பதே. வாழ்நாளெல்லாம் எதைச் செய்தானோ அதையே செய்ய இன்னும் கொஞ்சம் இடம் கேட்கிறான். வேறு எதைக் கேட்டிருந்தாலும் அவன் கன்னன் ஆகான்.

வரத்தின் சொற்களில் ஓட்டை வைத்து அதன் வழியே வீழ்த்தும் மரபு ஒன்றும் நம்மிடம் உண்டு. மனிதரை எண்ணாமல் விட்ட இராவணன், பகலிலும் இரவிலும் சாவு வேண்டாம் என்று அடுக்கிக் கேட்ட இரணியன், தன் தலையில் தானே கை வைத்த பஸ்மாசுரன். அமெரிக்க விளையாட்டிலும் சொற்பிழை பிடித்து வரத்தைக் கவிழ்க்கும் நடத்துநர் உண்டு. கேட்க இனிமையான கதைகள், கூத்துமேடைக்கு உகந்தவை. ஆனால் இவை வழக்கறிஞர் வேலை. கம்பர் இரணியனை உயர்த்தியது அந்த ஓட்டையால் அன்று, தந்தையும் மகனும் நேர்நின்று பேசும் பேச்சால்.

ஆபுத்திரன் கதைக்கு மட்டும் சற்று நின்று செல்லவேண்டும், அதுவும் மதுரையில் நிகழ்வதால். மழை பொழியும் நள்ளிரவில் பசியோடு வந்தோர்க்கு இட ஒன்றுமின்றித் தவித்தவனுக்குச் சிந்தாதேவி அள்ளக் குறையாத அமுதசுரபியைத் தருகிறாள். கேட்டுப் பெற்றதன்று, தவித்ததற்கு வந்தது. பின்னர் இந்திரன் முதிய மறையவனாக வந்து, உன் அறத்தின் பயனைக் கேள் என்கிறான். ஆபுத்திரன் விலா நோகச் சிரிக்கிறான். பசி தீர்ந்தவர் முகத்தைக் காண்பதைவிட உன் நாட்டில் என்ன இருக்கிறது என்பது அச்சிரிப்பின் பொருள். சினந்த இந்திரன் சாபம் இடவில்லை. பாண்டிய நாட்டில் மழையைப் பெய்விக்கிறான். வளம் பெருகுகிறது, பசித்தவரே இல்லாமற் போகின்றனர். குறையாத பாத்திரத்தை ஏந்திக்கொண்டு உண்பாரைத் தேடி ஊர்ஊராக அலைகிறான் ஆபுத்திரன். சாவகத்தில் பஞ்சம் என்று கேள்வியுற்றுக் கப்பலேறி, வழியில் மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டு, தன் ஒருவன் வயிற்றுக்காக அப்பாத்திரத்தைப் பயன்கொள்ள மனமின்றி, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர் விடுகிறான். ஆற்றலைப் பறிக்காமல், அதற்கான தேவையைப் பறிப்பது எத்தகைய தண்டனை! பாத்திரத்துக்கு ஆற்றல் வழங்கும் கவிஞன், அது எவர் பசியைத் தேடிச் செல்லும் என்பதையும் கூடவே எண்ணியிருக்க வேண்டும். இல்லையேல் கையில் பாத்திரமும் எதிரில் வெறுமையும் எஞ்சும்.

இனி மீண்டும் கண்ணகி. மதுரையில் தீக்கடவுள் அவள்முன் தோன்றி, நீ பிழைக்கப்பட்ட நாளில் இந்நகரை எரியூட்ட எனக்கு முன்பே ஏவல் உண்டு, இதில் பிழைக்கவேண்டியவர் யார் என்று கேட்கிறான். எரிக்கும் ஆற்றல் எரியுடையது. ஏவலும் முன்னமே உள்ளது. அவளுக்கு விடப்பட்ட தேர்வு ஒன்றே: யாரை விடுவது. அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் என்று பெயர் சொல்லி விலக்கி, தீயவர் பக்கமே சேர்க என்கிறாள். பெருஞ்சினத்தின் நடுவில் நின்று விலக்குப் பட்டியல் சொல்லும் அந்த வாயில்தான் அவள் தெய்வமாகும் தகுதி தெரிகிறது. அவளைப் போற்றியவர்களுக்கு அந்தத் தகுதி வாய்க்கவில்லை என்பதையும் இளங்கோ மறைக்கவில்லை. மழை பொய்த்து நோய் பரவிய பாண்டிய நாட்டில், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரை நங்கைக்குப் பலியிட்டான், மழை பெய்தது என்று உரைபெறு கட்டுரை கூறுகிறது. ஒருவன் செய்த பிழைக்கு ஆயிரவர். கண்ணகி கேட்டிருந்தால் அவர்களுள் எத்தனை பேர் விலக்குப் பட்டியலில் நின்றிருப்பர்? பரிசாகக் கிடைத்த மழையின் ஈரத்தில் அக்குருதியும் கலந்தே இருக்கிறது. அம்மழையைப் பாடுவோர் அதனைத் துடைத்துவிட்டுப் பாடுதல் தகாது.

கிழக்கு வாயிலில் கணவனோடு நுழைந்தவள் மேற்கு வாயிலில் தனியளாய் வெளியேறி, வையையின் கரையே வழியாகப் பதினான்கு நாள் நடந்தாள் என்கிறது காப்பியம். வையையைப் பற்றி மேற்கே வந்தால் தேனி. அங்கிருந்து முல்லையாற்றைப் பற்றினால் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர். இப்பெயர்கள் காப்பியத்தில் இல்லை. நில அமைப்பு அவ்வழியைக் காட்டுகிறது. சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி ஏந்தி வீரபாண்டிக்கு நடப்பவர்களும், பார்வை இழந்த பாண்டியன் கௌமாரியால் கண் பெற்றான் என்று அங்கே கதை சொல்பவர்களும், நெருப்பும் கண்ணும் வரமும் ஒரே வழியில் இருப்பதை அறியாதவர் அல்லர். நெடுவேள் குன்றில் பூத்த வேங்கையின் நிழலில் நின்றவளைக் குன்றக் குறவர் கண்டனர். கணவனோடு வானேறியதையும் கண்டனர்.

பிறகு கோயில் எழுகிறது. வரந்தரு காதை வருகிறது. அங்கே தேவந்தியின்மேல் பாசண்டச் சாத்தன் ஏறி ஆடி ஒரு செய்தி சொல்கிறான். மங்கல மடந்தை கோட்டத்து மலையுச்சியில் சுனைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றில் ஆடுவோர் பழம்பிறப்பு உணர்வர். அந்நீர் மாடலன் கையிலுள்ள கரகத்தில் இருக்கிறது. அங்கு நிற்கும் சிறுமியர் மூவர்மேல் அதனைத் தெளியுங்கள் என்கிறான். அரட்டன் செட்டியின் இரட்டைப் பெண்களும் சேடக்குடும்பியின் சிறுமகளும் நிற்கின்றனர். நீர் தெளித்ததும் மூவரும் முற்பிறப்பு நினைவு வந்து அரற்றுகின்றனர். ஒருத்தி கண்ணகியின் தாய், ஒருத்தி கோவலனின் தாய், ஒருத்தி ஆய்ச்சி மாதரி. மகளே என்றும் மகனே என்றும் மழலை மாறாத வாயால் அழுகின்றனர்.

இது எந்த நீர்? பவகாரணியின் ஆற்றலன்றோ இது! திருமால்குன்றத்துப் பிலத்தில், கோவலன் உயிரோடு இருந்தபோது, மூழ்கினால் அவன் பிழைக்கக்கூடும் என்றிருந்தபோது மறுக்கப்பட்ட அதே ஆற்றல், எல்லாரும் இறந்து முடிந்தபின், இக்கம்பம் பள்ளத்தாக்கின் தலைமேல் உள்ள சுனையிலிருந்து, எதையும் மாற்ற இயலாத மூன்று குழந்தைகளுக்குக் கிடைக்கிறது. அன்று அது காத்திருக்கும். இன்று அழ மட்டுமே உதவும். ஆயினும் அவர்கள் அழுதபோதுதான் கோவலனுக்கும் கண்ணகிக்கும் அவர்தம் இல்லத்தார் அழும் அழுகை முழுதாகிறது. மதுரைக் காண்டத்தில் ஒரு நீரை மறுக்கச் செய்து, வஞ்சிக் காண்டத்தின் இறுதிவரை காத்திருந்து அதே நீரைக் கரகத்தில் ஏந்தி வந்த கவிஞனின் பொறுமை வியக்கத்தக்கது. ஆற்றல் ஒன்றே. வேளை மாறியதும் அதன் பொருள் முழுதும் மாறிவிட்டது. கைகாக்ஸின் நூல்களில் எந்த நிலையில் எந்த வரம் என்பதற்கு அட்டவணை உண்டு. எந்தத் துயருக்குப் பின் எந்த வரம் என்பதற்கு அட்டவணை எவரும் போட்டுத் தர இயலாது.

அதன்பின் அரசர்கள் வருகின்றனர். சிறையிலிருந்து விடுபட்ட ஆரிய மன்னர், குடகக் கொங்கர், மாளுவ வேந்தர், கடல்சூழ் இலங்கைக் கயவாகு. வெற்றியும் ஆயுளும் கேட்டிருக்கலாம். எங்கள் நாட்டில் நாங்கள் விழா எடுக்கும் நாளில் அங்கும் எழுந்தருள வேண்டும் என்று கேட்கின்றனர். தந்துவிட்டதாக ஒரு குரல் எழுகிறது. பொய்கைகளை மறுத்துக்கொண்டே வந்த காப்பியத்தில், தயக்கமின்றிக் கேட்டவுடன் கிடைக்கும் வரம் இது. தமக்கென ஓர் ஆற்றலை அவர்கள் கேட்கவில்லை; தம் ஊருக்கு அவள் வரவேண்டும் என்றார்கள்.

கடைசியாக இளங்கோவே தாம் படைத்த காப்பியத்துக்குள் நடந்து வந்து அவள்முன் நிற்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. தெய்வம் தேவந்தியின்மேல் தோன்றி, அவர் கதையை அவருக்கே சொல்கிறது: தந்தையின் அவையில் நிமித்திகன் அரசு இளையவனுக்கே என்று குறி சொன்னதும், தமையனின் வாட்டம் தீர அவர் அரியணையைத் துறந்து துறவு பூண்டதும். முப்பது காதை பிறர் கதை சொன்னவருக்கு, அக்கதைக்குள் இருந்தவள் அவர் கதையைச் சொல்லக் கேட்டதே கிடைத்த பரிசு.